எண்பத்தொன்றாவது பிள்ளை

வேன் வரும் சத்தம் கேட்டாலே ஜெசிந்தா எத்தனை பிள்ளை ஏறுகிறது என்று எண்ண ஆரம்பித்துவிடுவாள். காலை ஏழே முக்காலுக்கு ஓடைக்கரணை காலனியின் முனையில், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் அந்த மஞ்சள் வேன் வந்து நிற்கும். டிரைவர் இறங்க மாட்டான், ஹாரனை மட்டும் மூன்று முறை அடிப்பான். அதற்குள் ஏழெட்டு வீடுகளிலிருந்து பிள்ளைகள் டையும் ஷூவுமாக ஓடி வரும். செய்யூரில் இருந்த அந்த இங்கிலீஷ் பள்ளிக்கூடத்துக்கு வாயில் நுழையாத ஒரு பெயர் இருந்தது. காலனியில் யாரும் அதைச் சொல்லிக் கஷ்டப்பட்டதில்லை. வேன் ஸ்கூல் என்றால் போதும்.

அந்த வேனில் ஜன்னலோரம் உட்கார்ந்து போகும் பிள்ளைகளில் ஒருத்தி ஜெசிந்தாவின் சொந்த மகள் சிநேகா. ஜெசிந்தாவோ தெருவின் மறு கோடியில் இருந்த சூசையப்பர் உதவி பெறும் தொடக்கப் பள்ளியில் டீச்சர். ஊருக்குத்தான் உபதேசம் என்று யாராவது சொல்லியிருந்தால் அவளுக்குக் கோபம் வந்திருக்கும், ஆனால் யாரும் சொல்லவில்லை. அந்தக் காலத்தில் செங்கல்பட்டுப் பக்கம் பூராவும் வாத்தியார் வீட்டுப் பிள்ளைகள் எங்கே படித்தன என்று கணக்கெடுத்திருந்தால் பாதிப் பேர் தலைநிமிர்ந்து நடந்திருக்க முடியாது.

மற்ற வாத்தியார்களாவது சர்க்கார் சம்பளம் வாங்கினார்கள். ஜெசிந்தாவுக்கு அதுவும் இல்லை. ஆறு வருஷத்துக்கு முன்னால், ஒரு வாத்தியார் ரிட்டயர் ஆன இடத்தில் மிஷன் அவளை வேலைக்கு வைத்தது. மிஷன் வைத்தால் போதாது, சர்க்கார் ஒப்புதல் கொடுத்தால்தான் சம்பளம் வரும். ஒப்புதலுக்கு எழுதிப் போட்ட வருஷமே புது நியமனங்களை நிறுத்தி வைத்துவிட்டார்கள். ஆக, வேலை இருந்தது, ஆள் இருந்தாள், சம்பளம் மட்டும் இல்லை. கோயில் காணிக்கையிலிருந்து ஃபாதர் மாசம் எழுநூறு ரூபாய் கொடுப்பார். அதைக் கவரில் போட்டு, கவரின் மேல் ‘ஜெசிந்தா டீச்சர்’ என்று எழுதிக் கொடுப்பார். கையெழுத்து என்னவோ அழகாகத்தான் இருக்கும்.

சுனாமி வருவதற்கு முந்தைய வருஷம், ஜூன் மாசம் பள்ளி திறந்த கையோடு ஒரு கடுதாசி வந்தது. ஹெட்மிஸ்ட்ரஸ் அமிர்தவல்லி அதை இரண்டு தடவை படித்தாள். அவளுக்கு ரிட்டயர் ஆக இன்னும் இரண்டு வருஷம் இருந்தது. மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு ஜெசிந்தாவைக் கூப்பிட்டாள்.

“ஜெசி, வழி பொறந்துட்ச்சுமா. காலி எடத்துக்கெல்லாம் அப்ரூவல் தராங்களாம். நாப்பது தலைக்கு ஒரு டீச்சர் கணக்கு. எம்பது வரைக்கும் ரெண்டு பேரு. எம்பத்தொண்ணு இருந்தா மூணாவது போஸ்டு. ஆகஸ்ட் ஒண்ணாந்தேதி எத்தினி புள்ளைங்க கீதோ அதான் கணக்கு.”

“நம்ம ரிஜிஸ்டர்ல எம்பத்தஞ்சு கீதே டீச்சர்!”

“ரிஜிஸ்டர இந்த வாட்டி யாரும் பாக்க மாட்டாங்க. ஏ.ஈ.ஓ. நேர்ல வந்து ஒவ்வொரு தலையா எண்ணுவாராம். பட்ஜெட்ல கைய வச்சிட்டாங்க இல்ல? ஒரு போஸ்டு கூடப் போட்டுட்டாருன்னா அவரு சீட்டு கிழிஞ்சிடும்.”

உதவித் தொடக்கக் கல்வி அலுவலரை அங்கே எல்லாரும் ஏ.ஈ.ஓ. என்றுதான் சொல்வார்கள். இன்னொரு வாத்தியார் ஏசுபாதமும் அமிர்தவல்லியும் முதல் இரண்டு இடத்தில் பத்திரமாக உட்கார்ந்திருந்தார்கள். ஆட்டம் காண்பது மூன்றாவது நாற்காலி மட்டும்தான். அன்று சாயங்காலம் ஜெசிந்தா கோயிலுக்குப் போய் சூசையப்பர் காலடியில் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றினாள். எண்பத்தைந்து என்பது அவளுக்கு அன்று மிகப் பெரிய எண்ணாக இருந்தது.

சாண் ஏறினால் முழம் சறுக்கும் என்பார்கள். ஜூலை பிறந்ததும் தலைகள் உதிர ஆரம்பித்தன. இரண்டு பிள்ளைகள் வேனில் ஏறிவிட்டன. ஒன்று மதுராந்தகத்துக்கு அத்தை வீட்டோடு போய்விட்டது. கன்னியம்மாவின் இரண்டு பிள்ளைகளும் அம்மாவோடு மாமல்லபுரம் போய்விட்டன, அங்கே கல் பட்டறையில் அவளுக்கு வேலை கிடைத்திருந்தது. ஐந்து போக எண்பது. எண்பதும் ஒன்றுதான் நாற்பத்தொன்றும் ஒன்றுதான் என்றார் ஏசுபாதம். சொல்லியிருக்க வேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் ஜெசிந்தா இரண்டு பஸ் மாறி மாமல்லபுரம் போனாள். பட்டறை ஊருக்குப் பின்னால் இருந்தது. ஓலைக் கொட்டகைக்குக் கீழே பத்துப் பதினைந்து பேர் உளியடித்துக்கொண்டிருந்தார்கள். ஓரமாகப் பெண்கள் உட்கார்ந்து, செதுக்கி முடித்த சிலைகளின் மேல் தண்ணீரை ஊற்றி உரசும் கல்லால் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். புருவம் வரைக்கும் வெள்ளையாகத் தூசி படிந்து உட்கார்ந்திருந்தவள் கன்னியம்மா என்று கிட்டப் போய்தான் தெரிந்தது. ஒரு பிள்ளையாரின் தும்பிக்கையை மடியில் சாய்த்து வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

“யாரு, டீச்சரா? ஐயோ, ஒக்கார ஒரு எடம் இல்லியே. அந்தச் சாக்க இழுத்துப் போட்டுக்கோ டீச்சர். டீ சொல்லவா?”

“டீயெல்லாம் வாணா. புள்ளைங்க எங்க?”

“கடலாண்ட போயிருக்குங்க, வெள்ளக்காரன பாக்கறதுக்கு. இன்னா டீச்சர், மூஞ்சி வாடிக் கெடக்குது?”

ஜெசிந்தா விஷயத்தைச் சொன்னாள். “ஆகஸ்ட் ஒண்ணாந்தேதி வரைக்கும் எங்கூட அனுப்பு கன்னியம்மா. எங்க வூட்லயே வச்சிகினு சோறு போடறேன். ஒண்ண மட்டும் அனுப்பினாக்கூட போதும்.”

கன்னியம்மா தேய்ப்பதை நிறுத்தினாள். “இங்கயே இஸ்கூல்ல சேத்துட்டேனே டீச்சர். இங்க கீற டீச்சரும் ஒண்ணாந்தேதி, ஒண்ணாந்தேதின்னுதான் சொல்லிகினு கீது. பாவம், வயித்துல புள்ள வேற. ஒரு நாளு கூட நிறுத்திடாதன்னு எங்கையப் புடிச்சிகினு கெஞ்சிச்சு. நான் சத்தியம் பண்ணிட்டேன்.”

பார்த்தே இராத அந்த டீச்சர் மேல் ஜெசிந்தாவுக்கு ஆத்திரம் வந்தது, வந்த வேகத்தில் போய்விட்டது. கன்னியம்மா விடாமல் வாங்கிக் கொடுத்த டீயைக் குடித்துவிட்டு, தூசி படிந்த தொண்டையோடு பஸ் ஏறினாள்.

“ஒரே ஒரு தலைதானமா வேணும்?” என்றாள் மறுநாள் அமிர்தவல்லி, மெதுவாக. “ஒன் வூட்லயே ஒண்ணு கீதே.”

ஜெசிந்தாவுக்கும் அது தோன்றாமல் இல்லை. தோன்றியதைப் புருஷனிடம் சொல்வதுதான் பெரிய பாடு. அவள் புருஷன் கலைவாணன் கல்பாக்கம் குவார்ட்டர்ஸில் காண்டிராக்டரிடம் புல் வெட்டும் வேலை பார்த்தான். அங்கே ஆபீசர்கள் வீட்டுப் பிள்ளைகள் பஸ்ஸுக்கு நிற்கும்போது பேசுகிற இங்கிலீஷை மிஷினை நிறுத்திவிட்டுக் கேட்பான். சிநேகாவை வேனில் ஏற்றியது அவன்தான். முதல் டேர்ம் பீசுக்காக மூன்று மாசம் பீடியைக்கூட விட்டிருந்தான்.

அன்று நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு. சாப்பிட உட்காரும்வரை காத்திருந்து சொன்னாள். அவன் பிசைந்த சோற்றை அப்படியே விட்டுவிட்டு நிமிர்ந்தான்.

“இன்னாமே பேசற? அது இன்னா நாத்தா, இந்தக் கழனில புடுங்கி அந்தக் கழனில நடறதுக்கு?”

“இந்த ஒரு வருசம்தான்யா. அப்ரூவல் வந்துட்ச்சுன்னா சம்பளம் வந்துடும். அப்பறம் நல்ல இஸ்கூலாப் பாத்து கல்பாக்கத்துலயே சேக்கலாம்.”

“எங்க தாத்தா பண்ணைல படியாளு. எங்கப்பன் சவுக்கு வெட்னான். நான் புல்லு வெட்டறேன். எம் பொண்ணு ஒண்ணு இப்பத்தான் ‘டாடி’ன்னு கூப்ட்டுகினு வருது. அது பொறுக்கலியா ஒனுக்கு?”

“ஆறு வருசம்யா!” ஜெசிந்தா கரண்டியைக் கீழே வைத்தாள். “ஆறு வருசமா எழுநூறு ரூபாய்க்கு நின்னுகினு கத்திகினு கீறேன். காலு வீங்கிப் போவுது. ஃபாதர் கவரு குடுக்கசொல்ல பிச்ச வாங்கற மாரி கீது. ஒரு தல. ஒரே ஒரு தலைக்காக ஊரு ஊராப் போயி கெஞ்சிட்டு வரேன், எம் புள்ள வேன்ல போவுது. அந்த ஏ.ஈ.ஓ. கேட்டாருன்னா நான் இன்னா பதிலு சொல்லுவேன்?”

கலைவாணன் சோற்றைச் சாப்பிட்டு முடித்துக் கை கழுவினான். புதன்கிழமை வேலைக்குப் போகாமல் செய்யூருக்குப் போய், சிநேகாவின் பெயரை நீக்கி டிசி வாங்கிக்கொண்டு வந்தான்.

“கட்ன பீசு வராதாம்,” என்றான் வாசலில் நின்றே. “ஆளு வந்தாலும் வராங்காட்டியும் இந்த டேர்ம் பூரா அந்த எடம் நம்மளுதாம். யூனிபாரமும் திரும்ப எடுத்துக்க மாட்டானாம். எல்லாம் தண்டம்.”

வியாழக்கிழமை சிநேகா அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு சூசையப்பர் பள்ளிக்கு வந்தாள். ஒன்றாம் வகுப்பில் பாயில் உட்கார்ந்தாள். மத்தியானம் சத்துணவு ஆயா சாம்பார் சாதத்தைத் தட்டில் போட்டபோது, “இது எனக்கா? துட்டு குடுக்க வாணாவா?” என்று கேட்டாள். எல்லாரும் சிரித்தார்கள். அமிர்தவல்லி ஆபீஸ் ரூம் போர்டில் சாக்பீஸால் 81 என்று எழுதி, அதைச் சுற்றி ஒரு வட்டமும் போட்டாள். ஜெசிந்தா அன்று இரவு நிம்மதியாகத் தூங்கினாள் என்று சொல்ல வேண்டும். அடுத்த நாலு இரவும் தூங்கினாள்.

செவ்வாய்க்கிழமை ஒன்றாம் வகுப்பில் ஆஜர் எடுத்தபோது வேண்டா வரவில்லை. வேண்டா செங்கம்மாளின் நாலாவது பெண். மூன்று பெண்ணுக்குப் பிறகு நாலாவதும் பெண்ணாகப் பிறந்தால் அந்தப் பக்கம் அப்படித்தான் பெயர் வைப்பார்கள், அடுத்தது பையனாகப் பிறக்கட்டும் என்று. செங்கம்மாளுக்கு அடுத்தது பையன்தான் பிறந்தான். பிள்ளைக்குக் காய்ச்சலாக இருக்கும் என்று ஜெசிந்தா நினைத்துக்கொண்டாள்.

புதன்கிழமை காலை அவள் தண்ணீர்த் தொட்டியடியில் குடத்தை வைத்துவிட்டு நின்றபோது வேன் வந்தது. ஏறிய பிள்ளைகளில் கடைசியாக ஏறியவள் வேண்டா. போட்டிருந்தது சிநேகாவின் யூனிஃபார்ம். பாவாடை ஓரத்தை ஜெசிந்தாதான் மடித்துத் தைத்திருந்தாள். நீல நூல் தீர்ந்துபோய்க் கடைசி ஒரு சாணைக் கறுப்பு நூலில் தைத்தது அவளுக்கு அங்கிருந்தே தெரிந்தது. வேன் கிளம்பியது. ஜன்னலோரத்திலிருந்து வேண்டா, “டீச்சர், டாட்டா!” என்று கை ஆட்டினாள். ஜெசிந்தாவும் ஆட்டினாள். பிறகு குடத்தை அங்கேயே விட்டுவிட்டு வீட்டுக்கு ஓடினாள்.

கலைவாணன் பழைய சோற்றில் வெங்காயத்தைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

“செங்கம்மா பொண்ணு நம்ம சிநேகா துணிய போட்டுகினு வேன்ல போவுது!”

“ஆமா, நான்தான் குட்த்தேன்,” என்றான் அவன், செய்த நல்ல காரியத்தைத் தெரிந்துகொண்டார்களே என்கிற மாதிரி. “ரேஷன் கடையாண்ட புடிச்சிகினா. ‘அண்ணாத்த, ஒம் பொண்ணு எடம் சும்மாத்தான கீதாம், எம் பொண்ணு ஒரு டேர்மு போயி வரட்டுமே’ன்னு அழுவாத கொறையா கேட்டா. பீசு கட்ன எடம் வீணாத்தான போவுது. அதான், சரி போன்னேன். திங்கக்கெழம போயி சொல்லியும் குட்த்துட்டு வந்தேன்.”

“யோவ், அந்தப் புள்ள எங்க கிளாஸ்யா! எம்பத்தொண்ணுல அதுவும் ஒண்ணு!”

“இருந்தா இன்னாமே? பேரு எங்க போவும்? நான் மூணாவது படிக்கசொல்ல ஒரு வருசம் பூரா எங்கப்பங்கூட சவுக்குத் தோப்புலயே கெடந்தேன். திரும்பி வந்தா எம் பேரு அப்டியே ரிஜிஸ்டர்ல கீது. தெனம் வந்ததா வாத்தியாரு போட்டுகினே இருந்திருக்காரு. டிசி வாங்கினாத்தான் பேரு அடிபடும். செங்கம்மா டிசி ஒண்ணியும் வாங்கலியே?”

ஜெசிந்தா சுவரோடு சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். “இந்த வாட்டி பேரை எண்ணலய்யா. தலைய எண்ணப் போறாங்க. எத்தினி வாட்டி சொன்னேன்.”

அவன் கை கிண்ணத்திலேயே நின்றது. பல தடவை அவள் சொல்லிக் கேட்டுக்கொண்டிருந்தவன்தான். ஆனால் அவனுக்குத் தெரிந்த பள்ளிக்கூடத்தில் கணக்கு என்றால் அது ரிஜிஸ்டருக்குள் இருக்கும் சமாசாரம். தன் பிள்ளையைக் கொடுத்துக் காப்பாற்றிய மனைவியின் வேலையைத் தன் கையாலேயே அழித்திருக்கிறோம் என்பது அவனுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் உறைத்தது.

“நான் போயி திருப்பிக் கேக்கறேன்,” என்று எழுந்தான்.

“குட்த்தத எப்டிய்யா திருப்பிக் கேப்ப? ஒக்காரு.”

அவளே போனாள். செங்கம்மாள் பெரிய கொல்லையில் மல்லாட்டை என்கிற வேர்க்கடலைக்குக் களை எடுத்துக்கொண்டிருந்தாள். ஆடிக் காற்று புழுதியை வாரி அடித்தது. பெண்கள் வரிசையாகக் குந்தி, களைக்கொத்தால் கொத்திக்கொண்டே நகர்ந்து வந்தார்கள். டீச்சரைப் பார்த்ததும் செங்கம்மாள் கொத்தைப் போட்டுவிட்டு ஓடி வந்து, மண் கையோடு அவள் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தாள்.

“தாயி, நீ நல்லா இருக்கணும்! எம் பொண்ணு ஷூ போட்டுகினு நடக்குது டீச்சரம்மா. நேத்து ராத்திரி பூரா வூட்டுக்குள்ளயே டக்கு டக்குன்னு நடந்துகினு கெடந்துச்சு. கயட்ட மாட்டேன்னுட்ச்சு. எங்க வூட்ல எவ ஷூ போட்டா? மூத்தது மூணும் கழனிக்கும் கம்பெனிக்கும்னு போயிட்ச்சு. இதாவது... உங்க வூட்டுப் புண்ணியம்.”

பக்கத்தில் இருந்த பெண்கள் சிரித்துக்கொண்டு பார்த்தார்கள். வரும் வழியெல்லாம் ஜெசிந்தா சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தது ஒரே வார்த்தைதான். அந்த இடம் என் பெண்ணுடையது, திருப்பிக் கொடு என்று எந்த வாயால் கேட்பது? தன் பெண்ணுக்கு ஆசைப்பட்டதைத்தானே இவளும் ஆசைப்படுகிறாள்.

“வெள்ளிக்கெழம ஒரு நாளு மட்டும் நம்ம இஸ்கூலுக்கு அனுப்பு செங்கம்மா,” என்றாள் கடைசியில். “காத்தால வந்து ஒக்காந்துட்டு, அப்பறம் போயிடட்டும். ஆபீசரு வராரு. அவரு கண்ணுல எம்பத்தோரு புள்ளைங்க படணும். பட்டாத்தான் எனுக்கு வேலை நெலைக்கும்.”

“இத்த கேக்கவா வெயில்ல இத்தினி தூரம் நடந்து வந்த? ஆளு அனுப்பியிருந்தா போதாது? நானே இட்டாந்து வுடறேன். ஒனுக்கு இல்லாததா!”

இது பொய்க் கணக்குதான், ஜெசிந்தாவுக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை ஃபாதரிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிக்கொள்ளலாம் என்று மனசைத் தேற்றிக்கொண்டு திரும்பினாள்.

ஒன்றாம் தேதி வெள்ளிக்கிழமை. ஆடி வெள்ளி வேறு. காலனிக்குள் பாதி வீடுகள் அந்தோணியாருக்கும் பாதி வீடுகள் அம்மனுக்கும் நேர்ந்துகொள்கிறவை, கூழ் ஊற்றும் நாளில் பிள்ளைகளைப் பிடிப்பது லேசில்லை. ஏசுபாதம் காலை ஆறு மணிக்கே வீடு வீடாகப் போய்ப் பிள்ளைகளைக் கிளப்பினார். காய்ச்சலில் கிடந்த ஒரு பையனைத் துண்டில் சுற்றித் தோளில் தூக்கி வந்தார். ஒன்பதேகாலுக்கு எண்ணியபோது எண்பது. வேண்டா மட்டும் வர வேண்டும். லீவு போட்டுவிட்டு வந்த கலைவாணன் கேட்டோரம் நின்று தெருவையே பார்த்துக்கொண்டிருந்தான்.

ஏ.ஈ.ஓ. பரணிதரனின் ஸ்கூட்டர் உள்ளே நுழைந்ததும், பின்கட்டு வழியாகச் செங்கம்மாள் மகளைக் கையில் பிடித்துக்கொண்டு வந்ததும் ஒரே நேரம். இடுப்பில் பையன், கையில் கூழ்ச் சொம்பு. வேண்டாவுக்கு எண்ணெய் வைத்து இரண்டு சடை பின்னி, நெற்றியில் குங்குமம் வைத்து, வேன் ஸ்கூல் யூனிஃபார்மை மடிப்புக் கலையாமல் போட்டு, டையைக் கழுத்து வரை இறுக்கி விட்டிருந்தாள். ஷூ பளபளத்தது.

ஜெசிந்தா வாசற்படியிலேயே மறித்தாள். “இத்த ஏன் போட்டுகினு வந்த செங்கம்மா?”

“ஆபீசரு வராருன்னியே டீச்சரம்மா. கிழிஞ்ச கவுனோட எப்டி அனுப்பறது? ஒனுக்குத்தான கெட்ட பேரு? வூட்ல கீறதுலயே நல்லது இதான்.” சொல்லிவிட்டு மகளை வகுப்புக்குள் தள்ளினாள்.

மாற்ற நேரமில்லை. பரணிதரன் வராந்தாவுக்கு வந்துவிட்டார். ஐம்பது வயசு இருக்கும், சட்டைப் பையில் இரண்டு பேனா, முகத்தில் தூக்கமில்லாத களைப்பு. ஐந்தாம் வகுப்பிலிருந்து ஆரம்பித்து, ஒவ்வொரு பெயராக அவரே கூப்பிட்டு, எழுந்து நிற்கும் பிள்ளையைப் பார்த்து ஒரு கோடு போட்டுக்கொண்டு வந்தார். ஒன்றாம் வகுப்பில் சிநேகா எழுந்து நின்று, “எஸ் சார்,” என்றாள். அவர் சிரித்தார்.

“வேண்டா.”

யாரும் எழவில்லை.

“வேண்டா யாரும்மா?”

பக்கத்துப் பிள்ளைகள் இடித்ததும் அவள் எழுந்தாள். “அது பழைய பேரு சார். எங்க மிஸ்ஸு எனுக்கு வைஷாலின்னு பேரு வச்சிட்டாங்க.”

“எந்த மிஸ்?”

“வேன் ஸ்கூலு மிஸ்ஸு.”

பரணிதரன் குனிந்து அவள் சட்டைப் பையில் தைத்திருந்த பேட்ஜைப் படித்தார். “அங்கதானே படிக்கிற? இன்னைக்கு ஏம்மா இங்க வந்த?”

“டீச்சருக்கு வேலை வோணுமாம் சார். ஒரு நாளு மட்டும் வந்து ஒக்காரச் சொன்னாங்க,” என்றாள் பிள்ளை, கேட்ட கேள்விக்குச் சரியான பதில் சொல்லிவிட்ட சந்தோஷத்தோடு.

அமிர்தவல்லி முன்னால் வந்தாள். “சார், இத்தன நாளு இங்கதான் படிச்சிது சார். மூணு நாளு முன்னாடிதான்... டிசிகூட இன்னும் குடுக்கல சார்.”

“ஆபீஸ் ரூமுக்கு வாங்கம்மா,” என்றார் அவர்.

உள்ளே போர்டில் 81 வட்டத்தோடு இருந்தது. அவர் அதைப் பார்த்துவிட்டுப் பார்க்காதது மாதிரி உட்கார்ந்தார்.

“பொய்யா பிள்ளை காட்டினாங்கன்னு எழுதினா உங்க பள்ளிக்கூட மானியத்துக்கே வம்பு வரும்,” என்றார். “அதை நான் எழுதல. எண்பதுன்னு மட்டும் எழுதுறேன். என்னால ஆனது அவ்வளவுதாம்மா.”

“ஆறு வருஷம் சார்,” என்றாள் ஜெசிந்தா.

“தெரியும்மா. உங்க ஃபைலை நான் படிச்சிருக்கேன். போன மாசம் ஸ்டிரைக் பண்ணினவங்களை லட்சக்கணக்குல வேலைய விட்டு நீக்கினத நீங்களும் பேப்பர்ல பாத்திருப்பீங்க. எங்க ஆபீஸ்ல இப்ப யாரும் வாயத் திறக்கிறதில்ல. மாவட்டத்துக்கு இவ்வளவுதான் பணம்னு மேல முடிச்சு அனுப்பிட்டாங்க. என் கையில ஒரு பேனாதான் இருக்கு.” கொஞ்ச நேரம் அந்தப் பேனாவின் மூடியைத் திறந்து மூடிக்கொண்டிருந்தார். “பதினோரு மணி வரைக்கும் உக்காந்திருக்கேன். ஊருக்குள்ள அஞ்சு வயசு முடிஞ்ச பிள்ளை, எங்கயும் சேராதது, ஒண்ணு இருந்தா கூட்டிட்டு வாங்க. இன்னைக்குத் தேதியிலயே சேத்துக்கிட்டு எண்ணிக்குறேன்.”

ஏசுபாதம் ஒரு பக்கம் ஓடினார். கலைவாணன் சைக்கிளை எடுத்துக்கொண்டு இருளர் தெருப்பக்கம் போனான். ஆயாகூட அடுப்பை அணைத்துவிட்டுக் கிளம்பினாள். இருக்கிற பிள்ளைகள் எல்லாம் பள்ளியில் இருந்தன, இல்லாதவை வேனில் போய்விட்டிருந்தன, மிச்சம் இருந்தவை தொட்டிலில் கிடந்தன. இருளர் தெருவில் இரண்டு வீடு பூட்டியிருந்தது, செங்கல் சூளைக்குப் போனவர்கள் இன்னும் திரும்பவில்லை. பத்தே முக்காலுக்குக் கலைவாணன் வெறும் சைக்கிளோடு திரும்பி வந்தான். வேப்பமரத்தடியில் செங்கம்மாள் மகனை இடுப்பில் வைத்துக்கொண்டு நிற்பதைப் பார்த்தான். ஒன்றும் கேட்காமல் பையனை வாங்கித் தூக்கிக்கொண்டு ஆபீஸ் ரூமுக்குள் நுழைந்துவிட்டான்.

“சார், இந்தப் புள்ள எங்கயும் சேரல. பேரு முத்துசாமி. வயசு அஞ்சு ஆயிட்ச்சு சார்.”

பையனுக்கு மூன்றரை வயசுக்கு மேல் இருக்காது. அதை அந்த அறையில் இருந்த எல்லாரும் பார்த்தார்கள். பரணிதரன் பையனைக் கீழே இறக்கி நிற்க வைத்தார். பிறந்த தேதி தெரியாத பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கும்போது பார்க்கிற பழைய முறைதான், வலது கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுபோய் இடது காதைத் தொட வேண்டும். தொட்டால் ஐந்து. அவர் பையனின் கையை எடுத்து, தலைக்கு மேல் வளைத்து, மெதுவாக இழுத்துப் பார்த்தார். விரல் உச்சந்தலையைத் தாண்டிக் கொஞ்சம் இறங்கியது, அங்கேயே நின்றது. காதுக்கு இன்னும் நாலு விரற்கடை இருந்தது.

“கொஞ்சம் இழுத்தா எட்டும் சார்,” என்றான் கலைவாணன். அவன் கண்ணில் தண்ணீர் நின்றது. “தலைய சாச்சா எட்டும் சார்.”

பையனுக்கு வலித்திருக்க வேண்டும், அழ ஆரம்பித்தான். பரணிதரன் கையை விட்டுவிட்டு அவன் தலையைத் தடவிக் கொடுத்தார். பிறகு உட்கார்ந்து எழுதினார். மாணவர் எண்ணிக்கை எண்பது, அனுமதிக்கத்தக்க பணியிடம் இரண்டு. அமிர்தவல்லி கையெழுத்துப் போட்டாள். மூன்றாவது இடம் அத்தோடு தீர்ந்தது. இனி அடுத்த ஆகஸ்டில் நூறு பிள்ளை வந்தாலும் அந்த இடம் திரும்பி வராது என்பது ஜெசிந்தாவுக்குத் தெரியும், இல்லாத இடத்துக்கு ஆள் வைத்துக்கொள்ள மிஷனாலும் முடியாது. ஸ்கூட்டர் கிளம்பிப் போகிற வரை அவள் மேஜையைப் பிடித்துக்கொண்டே நின்றாள். கலைவாணன் அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வெளியே போய்விட்டான்.

அவள் அழுகிற பையனைத் தூக்கிக்கொண்டு வேப்பமரத்தடிக்கு வந்தாள். செங்கம்மாள் அதற்குள் மகளைக் கூட்டிக்கொண்டு கிளம்பத் தயாராக இருந்தாள். பதினொன்றரை பஸ்ஸைப் பிடித்தால் மத்தியான வகுப்புக்காவது விட்டுவிடலாம் என்ற அவசரம் அவளுக்கு.

“ஆபீசரு எம் பொண்ண பாத்தாரா டீச்சரம்மா?”

“பாத்தாரு.”

“இங்கிலீசுல எதுனா கேட்டாரா? பயப்படாம பதிலு சொல்லிச்சா?”

“நல்லா சொல்லிச்சு செங்கம்மா. தெளிவா சொல்லிச்சு.”

செங்கம்மாளுக்கு முகம் மலர்ந்துவிட்டது. சொம்பிலிருந்து கூழை டம்ளரில் ஊற்றி, “ஆத்தாளுக்கு ஊத்தினது, குடி,” என்று கொடுத்தாள். ஜெசிந்தா வாங்கிக் குடித்தாள். வெங்காயமும் மோரும் போட்ட கெட்டிக் கூழ். ஒரே மூச்சில் முடித்தாள்.

“இந்தப் பயலுக்குக் கை எட்டலியாமே? அண்ணாத்த சொல்லிகினு போவுது,” என்று செங்கம்மாள் மகனை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். அவன் கையைப் பிடித்துத் தலைக்கு மேல் போட்டுப் பார்த்துச் சிரித்தாள். “வர்ற வருசம் இல்லாங்காட்டி அதுக்கு அடுத்த வருசம் எட்டிடும். இவன வேனுக்கெல்லாம் அனுப்ப மாட்டேன் டீச்சரம்மா, ஒங்கிட்டத்தான் வுடுவேன். நீதான் தெனம் அடிச்சிச் சொல்லிக் குடுக்கணும். நீ இங்கதான இருப்ப?”

“நான் எங்க போவப் போறேன்,” என்றாள் ஜெசிந்தா.